மதில்மேல் மரநாய்: ரிச்சி தெருக் கேமராவுடன் பதினெட்டு மாதங்கள்

சென்னைக் கோட்டூர்புரத்தில் எங்கள் அடுக்ககத்துக்கும் பக்கத்து மனைக்கும் இடையே ஒன்பது அங்குல மதில் ஒன்று, தெருப்பக்கத்திலிருந்து பின்புற மழைநீர்க் கால்வாய் வரை நீண்டு கிடக்கிறது. 2023-ஆம் ஆண்டு புரட்டாசியில் அந்த மதிலின்மேல் காலைதோறும் எச்சம் கிடக்கத் தொடங்கியது. அதில் பளபளவென்று கறுத்த சப்போட்டா விதைகள் ஒன்றும் உடையாமல் முழுதாக இருந்தன. பூனை என்றார் காவலாளி. பெருச்சாளி என்றார் முதல் மாடி மாமி. பூனை சப்போட்டாவைத் தேடித் தின்னாது, பெருச்சாளி மதிலுச்சியில் ஒரே இடத்தை நாள்தோறும் கழிப்பிடமாக வைத்துக்கொள்ளாது என்பதால், இது பழம் தின்று விதையை முழுதாகக் கழிக்கும் இரவு விலங்கான மரநாயின் வேலை என்று நான் சொன்னேன். சொன்னதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் என்மீதே விழுந்தது. அதற்காக, மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிய, விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. ஒரு கருவியில் தொடங்கி மூன்று கருவிகளாகப் பெருகி, மழைக்காலம் இரண்டையும் கத்திரி வெயில் ஒன்றையும் பார்த்துவிட்ட பிறகு எழுதுகிறேன்.

எந்த நிறுவனத்தின் கேமரா என்பதை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஒளிக்க விரும்பி அல்ல. பெயரைச் சொல்வதால் வாசகருக்குப் பயன் இல்லை என்பதால்தான். நான் பார்த்த கடையிலேயே ஒரே பச்சை உடல், ஒரே திரை, ஒரே பொத்தான் வரிசை கொண்ட கருவி மூன்று வேறு பெயர்களில், மூன்று வேறு அட்டைப் பெட்டிகளில் இருந்தது. பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கேமராக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் எங்கோ ஒரே இடத்தில் செய்யப்பட்டு, பெட்டியில் மட்டும் பெயர் மாறி வருகின்றன. ஆகவே இங்கே நான் எழுதுவதை அந்த விலையில் கிடைக்கும் வகை முழுவதற்குமான குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவர் விற்றது மெகாபிக்சலை. “முப்பத்தாறு மெகாபிக்சல் சார், இதுக்கு மேல என்ன வேணும்?” என்று கேட்டார். 7,800 ரூபாய்க் கேமராவில் முப்பத்தாறு மெகாபிக்சல் சென்சார் இருக்க வழியில்லை. உள்ளே இருக்கும் சிறிய சென்சார் பிடித்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கி, கோப்பின் அளவை மட்டும் ஊதிக் காட்டுகிறது. இதை நான் வீட்டுக்கு வந்ததும் சோதித்தேன்: மதிலில் செய்தித்தாளை ஒட்டி, மிகக் குறைந்த அமைப்பிலும் மிக உயர்ந்த அமைப்பிலும் படமெடுத்து ஒப்பிட்டபோது, இரண்டிலும் படிக்க முடிந்த எழுத்தின் அளவு ஒன்றுதான். உயர்ந்த அமைப்பில் மெமரி கார்டுதான் விரைவில் நிறைந்தது. கடையில் என்னிடம் சொல்லப்படாத, பெட்டியிலும் அச்சிடப்படாத மூன்று விஷயங்கள்தான் இந்தக் கருவியின் தகுதியைத் தீர்மானிக்கின்றன என்பது பின்னர்தான் தெரிந்தது. சென்னை வெயிலில் அதன் வெப்ப உணரி என்ன செய்கிறது, அதன் கடிகாரம் எவ்வளவு நேர்மையானது, அதை எந்தச் சந்தில் மாட்டுகிறோம் என்பவையே அவை.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். கருவியின் முகப்பில் பால்வெள்ளை நிறத்தில் வரிவரியான பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கும். அதன் பின்னே உள்ள உணரி எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை; தன்மீது விழும் வெப்பக் கதிர்வீச்சில் ஏற்படும் மாற்றத்தை மட்டும் கவனித்துக் கொண்டிருக்கிறது. வில்லை எதிரே உள்ள வெளியைப் பல பட்டைகளாகப் பிரித்துவிடுவதால், பின்புலத்தைவிட வெப்பமான உடல் ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகரும்போது உணரி விழித்துக்கொண்டு கேமராவை எழுப்புகிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் தாமாகவே பெறப்படும். குறுக்கே போகும் விலங்கை அது எளிதில் பிடிக்கும், நேராக எதிரே வரும் விலங்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும். உடலுக்கும் பின்புலத்துக்கும் வெப்ப வேறுபாடு இல்லாவிட்டால் எந்த விலங்கையும் பிடிக்காது. சாரைப்பாம்பும் ஓணானும் என் மூன்று கேமராக்களிலும் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதற்குக் காரணம் இதுதான். கால்வாயோரம் சாரை இருப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மார்கழியில் இந்தக் கருவி ஓர் அற்புதம். இரவு வெப்பநிலை இருபத்தொரு டிகிரிக்கு அருகே இறங்கி, மதிலும் குளிர்ந்து கிடக்கும்போது, பத்து மீட்டருக்கு அப்பால் போகும் எலியைக்கூட அது தவறவிடவில்லை. மாட்டிய மூன்றாம் இரவே, 9 மணி 42 நிமிடத்துக்கு, முகத்தில் கறுப்பு முகமூடியும் முதுகில் மங்கிய கோடுகளும் உடலளவு நீண்ட வாலுமாக மரநாய் மதிலின்மேல் நடந்து வந்தது. மாமிக்குப் படத்தைக் காட்டினேன். “இது கீரிப்பிள்ளைதானே?” என்றார். மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த 2023 டிசம்பர் 3, 4 தேதிகளிலும் அதை நான் கழற்றவில்லை. கழற்றப் போக முடியாத அளவுக்குத் தெருவில் தண்ணீர் நின்றது. மின்சாரம் திரும்பிய பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு சொட்டு நீர்கூட இல்லை. நான் அதை ஈரக் கையோடு திறந்ததால் புகுந்த ஈரப்பதந்தான் அடுத்த ஒரு வாரம் வில்லையின் உட்புறத்தில் பனிபோலப் படிந்திருந்தது. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்ததும் அது தீர்ந்தது. நீர்புகாத் தன்மையைப் பற்றி மட்டும் பெட்டி பொய் சொல்லவில்லை.

சித்திரை பிறந்ததும் கதை மாறியது. மார்கழி, தை மாதங்களில் நண்பகலில்கூட மதிலைக் கடந்துபோன கீரிகள், 2024 ஏப்ரல் நடுவிலிருந்து படிப்படியாகக் குறைந்து, கத்திரி தொடங்கிய பிறகு காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில் ஒரு படத்தில்கூட இல்லாமல் போயின. எனக்கு உடனே ஒரு விளக்கம் தோன்றியது, அது அழகான விளக்கமாகவும் இருந்தது: வெயிலுக்கும் பக்கத்து மனையில் தொடங்கியிருந்த ஆள் நடமாட்டத்துக்கும் அஞ்சி, பகல் விலங்கான கீரி தன் நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. இப்படி நடப்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றி நடந்த 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனிதர் நடமாட்டம் மிகுந்த இடங்களில் அவ்விலங்குகளின் இரவு இயக்கம் சராசரியாக 1.36 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. பகலிலும் இரவிலும் சரிபாதியாக உலவும் விலங்கு, மனிதர் அருகே வந்தால் தன் இயக்கத்தில் 68 விழுக்காட்டை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது என்பது அதன் பொருள். என் மதிலின் கீரியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் குடியிருப்போர் குழுவில் அப்படி ஒரு குறிப்பும் எழுதிவிட்டேன்.

அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற வைத்தது கோலமாவு. மணல் பரப்பிக் கால்தடம் பார்ப்பது கள ஆய்வாளர்களின் பழைய வழக்கம். மதிலின்மேல் மணல் நிற்காது என்பதால், கல்மாவுக் கோலப்பொடியை ஓரடி நீளத்துக்கு மெல்லிய படலமாகச் சலித்து விட்டேன். அரிசி மாவு ஆகாது. விலங்கு வருவதற்குள் எறும்பு வந்துவிடும். காலை எட்டு மணிக்குப் பொடி தூவி, மாலை ஆறு மணிக்குப் பார்ப்பது என்று நான்கு நாள் செய்ததில், மூன்று நாள் கீரியின் கால்தடம் நகங்களோடு தெளிவாக விழுந்திருந்தது. கேமராவோ நான்கு நாளும் உறங்கியிருந்தது. பிறகு, உணரியை நம்பாமல் நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் அமைப்பில் கருவியைப் பகல் முழுதும் விட்டேன். பிற்பகல் 1 மணி 17 நிமிடத்துக்கு, கொதிக்கும் மதிலின்மேல், வாலை உயர்த்திக்கொண்டு கீரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பழக்கம் மாறவே இல்லை. மேற்கு வெயிலைக் குடித்த செங்கல் மதிலின் வெப்பம் கீரியின் உடல்மேற்பரப்பு வெப்பத்தைத் தொட்டுவிட்டதால், உணரியின் பார்வையில் கீரியும் மதிலும் ஒன்றாகிவிட்டன.

இந்தக் கருவியைப் பற்றி நான் சொல்ல வேண்டிய ஒரே செய்தி என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். கருவிக்குக் கண் தெரியாத நேரம், தாளில் எழுதும்போது விலங்கு வராத நேரமாக மாறிவிடுகிறது. குளிர்நாடுகளில் சோதித்து எழுதப்பட்ட ‘20 மீட்டர் வரை உணரும்’ என்ற விவரக் குறிப்பு, அக்னி நட்சத்திரத்தில் நான்கு மீட்டராகச் சுருங்கியதை நானே நடந்து அளந்து பார்த்தேன். நண்பகலில் அதுவும் இல்லை. இரவிலும் தப்ப முடியாது. மே மாதத்தில் மேற்குப் பார்த்த சுவர் இரவு ஒன்பது மணி வரை கையை வைக்க முடியாதபடி சுடுகிறது. ஆகவே முன்னிரவு மரநாய்களும் விடுபட்டன, பின்னிரவு மரநாய்கள் மட்டும் பதிவாயின. பல மாதப் படங்களை வைத்து விலங்குகளின் நேரப் பழக்கத்தை ஆராயும் மாணவர்கள், ஒவ்வொரு மாதத்திலும் ஒரு நாளாவது கால்தடத்தோடோ நிமிடப் படங்களோடோ ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிழலான வடக்குச் சுவரை நோக்கியோ மரத்தடியை நோக்கியோ மாட்டினால் இழப்பு பெரிதும் குறைகிறது.

எதிர்த் திசையிலும் ஒரு தொல்லை உண்டு. வெயில் பட்டுச் சூடேறிய வாழையிலை காற்றில் ஆடினால், உணரிக்கு அது விலங்குதான். ஒரே பகலில் ஆயிரத்து நானூறு வாழையிலைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து எடுத்த ஏறத்தாழ 3.48 கோடிப் படங்களில் புலி இருந்தவை 76,651 மட்டுமே என்பதை அப்போது நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் வாழையைத் தோட்டக்காரர் கழித்துவிட்டார்.

2024 ஜனவரியில் மேலும் இரண்டு கேமராக்கள் வாங்கியிருந்தேன். ஒரு விலங்கு வருகிறதா என்பதற்கு ஒரு கேமரா போதும். எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்குப் போதாது. இரண்டாவதை மதில் முடியும் கால்வாய்ப் பாலத்தடியிலும், மூன்றாவதைப் பக்கத்து மனையின் பழைய மாமரத்தை நோக்கி எங்கள் மொட்டைமாடியிலும் மாட்டினேன். மரநாய் மாமரத்தில் இறங்கி, மதிலில் நடந்து, கால்வாயோரம் அடையாற்றுப் பக்கம் போகிறது என்பது என் ஊகம். மூன்று கேமராக்களின் முதல் வாரப் படங்களை அடுக்கிப் பார்த்தபோது, ஓர் இரவு மதிலில் 9.42-க்கு நடந்த விலங்கு கால்வாய்க்கு 9.40-க்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்று, அது எதிர்த் திசையில் வந்திருக்க வேண்டும். அல்லது இரண்டு விலங்குகள் இருக்க வேண்டும். படத்தில் இரண்டுமே கால்வாயை நோக்கித்தான் முகம் வைத்திருந்தன. இரண்டு நாள் குழம்பிய பிறகு மூன்று கருவிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, கைப்பேசியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். ஒன்று மூன்று நிமிடம் முந்தியிருந்தது, ஒன்று இரண்டு நிமிடம் பிந்தியிருந்தது. பேட்டரியை மாற்றும்போதெல்லாம் ஒரு கருவி தன் தேதியைத் தொழிற்சாலைத் தேதிக்கே கொண்டுபோய்விடும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். மாதத்தை முன்னும் நாளை அடுத்தும் எழுதும் அமெரிக்க வழக்கம் வேறு. மே 4-ஐ ஏப்ரல் 5 என்று நான் படித்த நாளும் உண்டு.

இதற்கு மருந்து எளியது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். கார்டை எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும், நொடி முள்ளோடு ஓடும் கைப்பேசிக் கடிகாரத்தைக் கேமராவின் முன் பிடித்து ஒரு படம் எடுக்க வைக்க வேண்டும். அந்தப் படத்தில் விழும் கேமரா நேரத்துக்கும் கைப்பேசி நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, அதற்கு முந்தைய படங்களின் நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு கேமரா வைத்திருப்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. விலங்கு நடமாட்டத்துக்காக வாங்குபவருக்கு இதுதான் முதல் குறை.

நேரம் சரியான பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது: மதிலில் போனதும் கால்வாயில் போனதும் ஒரே மரநாய்தானா? புலியைக் கேமராவால் எண்ண முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு புலிக்கும் வரிகளின் அமைப்பு வேறு. புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் வளர்த்தெடுத்த கணக்கு முறை அந்த வரிகளை நம்பித்தான் நிற்கிறது. மரநாய்க்கு அந்த வசதி இல்லை. அகச்சிவப்பு வெளிச்சத்தில் எல்லா மரநாயும் ஒரே சாம்பல். ஒன்றுக்கு மட்டும் இடக்காது கிழிந்திருந்ததால் அதை உறுதியாகப் பின்தொடர முடிந்தது. மற்றவற்றைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகமே. உண்மையான நடமாட்டத்தை அளக்க விலங்கின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்ட வேண்டும். அது வனத்துறை அனுமதியும் மருத்துவரும் மயக்க மருந்தும் வேண்டிய வேலை. அப்படிப் பட்டை கட்டிய 57 வகைகளைச் சேர்ந்த 803 பாலூட்டிகளின் தரவைத் தொகுத்து, 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே ‘சயன்ஸ்’ இதழில் வந்த மற்றோர் ஆய்வு, மனிதத் தடம் மிகுந்த நிலங்களில் விலங்குகள் உலவும் தொலைவு, தடம் குறைந்த இடங்களில் உள்ளதைப்போல் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ சுருங்கிவிடுகிறது என்று கண்டது. இடைவழிகள் அடைபடுவது அதற்கு ஒரு காரணம். வீட்டருகே தீனி எளிதாகக் கிடைத்துவிடுவது இன்னொன்று. என் கேமராக்களால் அந்தத் தொலைவை அளக்க முடியாது. ஆனால் இடைவழி அடைபடுவதைக் கண்முன் காட்ட முடிந்தது.

2024 ஆகஸ்டில் பக்கத்து மனையின் பழைய வீட்டை இடித்தார்கள். இப்போது சென்னையில் எந்தத் தெருவிலும் நடப்பதுதான்: ஒரு தலைமுறை வாழ்ந்த ஓட்டு வீடும் அதன் மாமரமும் சப்போட்டாவும் போய், தூண்களின்மேல் நான்கு மாடி எழும்புகிறது. மாமரம் விழுந்த வாரத்தில் மொட்டைமாடிக் கேமராவில் மரநாய் முற்றிலும் நின்றுபோனது. மதில் கேமராவில் பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் இரவு, தெருவின் குறுக்கே தொங்கும் கேபிள் கம்பிகளின் கற்றைமேல், வாலால் சமன் செய்துகொண்டு காதறுந்த மரநாய் நடந்து வருவது மொட்டைமாடிக் கேமராவின் ஓரத்தில் பாதி உடலோடு விழுந்தது. அதன்பின் அந்தக் கேமராவைக் கம்பியை நோக்கித் திருப்பினேன். 2016-இல் வர்தா புயல் இந்தப் பகுதியின் மரங்களைச் சாய்த்தபோதும் இப்படித்தான் மரத்துக்கு மரம் தாவும் வழிகள் அறுந்திருக்கும். அப்போது பார்க்க எவரிடமும் கேமரா இல்லை. வால்பாறையில் தேயிலைத் தோட்டச் சாலைகளுக்கு மேலே தீயணைப்புக் குழாய்களைக் கட்டி, சோலை மந்திகள் தரையில் இறங்காமல் கடக்க வழி செய்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் கேபிள்காரர்கள் அறியாமலேயே அந்தப் பாலத்தைக் கட்டியிருக்கிறார்கள். மின்கம்பியும் அதே கம்பத்தில் போகிறது என்பதை எண்ணும்போதுதான் வயிறு கலங்குகிறது.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டு பென்சில் பேட்டரிகள் வேண்டும். சாதாரண பேட்டரி மார்கழியில் ஏழு வாரம் வந்தது; கடற்காற்றின் ஈரத்தில் அதே பேட்டரி கசிந்து ஒரு கருவியின் சுருள்கம்பியை அரித்துவிட்டது. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரியின் அழுத்தம் சற்றுக் குறைவு என்பதால், கருவி அதைத் தீர்ந்துபோனதாக எடுத்துக்கொண்டு பயமுறுத்துகிறது. பொருட்படுத்தாமல் விட்டால் ஒழுங்காக ஓடுகிறது. முதல் கருவியின் அகச்சிவப்பு விளக்குகள் 850 நானோமீட்டர் அலைநீள வகை. படம் தெளிவு, ஆனால் விளக்குகள் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. மரநாய் நேராக அதைத்தான் பார்க்கிறது, இரவில் நடை பயிலும் எதிர்வீட்டுப் பெரியவரும் அதைத்தான் பார்த்தார். பின்னர் வாங்கியவை 940 நானோமீட்டர் வகை. ஒளி தெரியாது, எட்டும் தூரம் குறைவு. நகரத்துக்கு இரண்டாவதே ஏற்றது. சிலந்தி வில்லையின் முன் வலை பின்னினால் இரவுப் படங்கள் முழுவதும் வெள்ளையாகிவிடும். வாரம் ஒருமுறை துடைத்தாக வேண்டும். கைப்பேசிச் செயலி ஒன்றும் உண்டு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நான் இரண்டாம் நாளே நீக்கிவிட்டேன்.

கடையின் சேவை பரவாயில்லை. அரித்த சுருள்கம்பியை ஒரு மணி நேரத்தில், இருநூறு ரூபாய்க்கு, பக்கத்துக் கடைப் பையன் ஒருவன் மாற்றிக் கொடுத்தான். உத்தரவாத அட்டையைக் காட்டியபோது மட்டும் கடைக்காரரின் முகம் மார்கழிக்குப் போய்விட்டது.

அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் ஒரு சொல். நகரத்தில் வைக்கும் கேமரா, விலங்கைவிட மனிதரைத்தான் அதிகம் பிடிக்கும். மொட்டைமாடியில் இரவு பதினோரு மணிக்குப் புகைபிடித்த ஒரு கல்லூரிப் பையனின் படம் என்னிடம் இருந்தது, இப்போது இல்லை. குடியிருப்போர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லி, கேமராவை ஆள் நடக்கும் பாதையைவிட்டு விலக்கி, மனிதர் விழும் படங்களை அன்றைக்கே அழிப்பது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மாமி கையெழுத்திட்டார். கிண்டி தேசியப் பூங்காவுக்குள்ளோ வேறெந்த வனத்துறை நிலத்திலோ அனுமதி இல்லாமல் இதை மாட்டக்கூடாது. மரநாய் வரும் இடத்தைச் சமூக ஊடகத்தில் தெருப்பெயரோடு எழுதுவதையும் நான் தவிர்க்கிறேன். அதைக் கறிக்காகப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

யார் வாங்கலாம்? தோட்டத்தில் என்ன வருகிறது என்று பார்க்க விரும்பும் வீட்டாருக்கு ஒன்று போதும், 940 வகையைக் கேட்டு வாங்குங்கள், மெகாபிக்சலுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். கல்லூரிகளுக்கு இது இதைவிடப் பயன்படும். கிண்டிப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டரும், ஆளுநர் மாளிகையும், ஐஐடி வளாகமும் ஒரே காட்டின் துண்டுகள்; நடுவே மதில்கள். பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் தகுதியை 2022-இல் பெற்ற சதுப்புநிலம். அதன் குறுக்கே துரைப்பாக்கம் ஆரச்சாலை போகிறது. இங்கெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை விலங்கு இருக்கிறது என்பதைவிட, எந்த மதில் இடைவெளியை, எந்தக் குறும்பாலத்தை அவை பயன்படுத்துகின்றன என்பதே. மத்திய இந்தியாவின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஓரமாகச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் விலங்குகளுக்காகக் கட்டிய ஒன்பது கடவுகளில் கேமரா வைத்துத்தான், 2019-இல் புலி உட்பட 18 வகைக் காட்டு விலங்குகள் அவற்றின் கீழே கடந்து போவதை உறுதி செய்தார்கள். குறும்பாலத்தின் அடி நிழலாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், விலங்கு குறுக்கேதான் போயாக வேண்டும். இந்த மலிவான உணரிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் கிடையாது. என் மூன்று கருவிகளில் மே மாதத்திலும் ஓரளவு ஒழுங்காக வேலை செய்தது கால்வாய்ப் பாலத்தடியில் இருந்தது ஒன்றுதான்.

ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பெண் கொடுப்பேன்; கோலமாவுடன் சேர்த்து வாங்கினால் நான்கு. புதிய கட்டடத்தின் பொறியாளரிடம் பேசி, எங்கள் வேப்பமரத்துக்கும் அவர்கள் விட்டுவைத்த ஒரே தென்னைக்கும் இடையே, மின்கம்பிகளைவிட்டு விலகி, கட்டைவிரல் பருமனில் இரட்டைக் கயிறு ஒன்றை 2025 பிப்ரவரியில் கட்டியிருக்கிறோம். மூன்றாவது கேமரா இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதுவரை பதிவானவை அணில்கள், காக்கைகள், ஒருமுறை பாதி வழி வந்து திரும்பிப்போன ஒரு பூனை. காதறுந்த மரநாய் கேபிள் கற்றையைத்தான் இன்னும் நம்புகிறது.